கார்புரேட்டர் திருகில் கை வைக்கும் முன்

சேலத்தில் படகு மோட்டாருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. மேட்டூர் நீர்த்தேக்கம், பூலாம்பட்டிக் காவிரி, ஏற்காடு ஏரி என்று சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது. பழைய மோட்டார்களும் இருக்கின்றன. என் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள், அதாவது படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்கள். “மெதுவாக ஓட்டினால் திக்குகிறது, முறுக்கினால் நின்றுவிடுகிறது. கொஞ்சம் டியூன் செய்துகொடுங்கள் அண்ணே” என்பார்கள். மூடியைத் திறந்தால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரில், திருகின் தலை ஏற்கெனவே தேய்ந்திருக்கும்.

கடைசியாகத் தொட வேண்டியது அந்தத் திருகைத்தான். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் குறைத்தால் எண்ணெயும் குறையும்; சூடு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். காதுக்கு எஞ்சின் ‘கிளியர்’ ஆனதுபோலவே கேட்கும், அதுதான் ஏமாற்று.

முதலில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்துக்கொண்டு, வெயிலில் வைத்துப் பாருங்கள். ஒன்று பழுப்பாகவும் மற்றது கறுத்து நனைந்தும் இருந்தால், நனைந்த பக்கம் எரியவில்லை. ஒன்று வெளுத்துப்போய், பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் எழுப்பும் அழுத்தம். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசமே எனக்கு முக்கியம். 10 சதவீதத்துக்கு மேல் போனால் ரிங், கேஸ்கட் என்று உள்ளே தேட வேண்டும். கார்புரேட்டரைக் கழுவிப் பயனில்லை. தீப்பொறி சோதிக்கும்போது பிளக்கைச் சிலிண்டர் துவாரத்திலிருந்து தள்ளி, எஞ்சின் உடலோடு அழுத்தி வையுங்கள். துவாரத்தில் வருவது பெட்ரோல் ஆவி.

இவை சரி என்றால், டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஹோஸின் நடுவே இருக்கும் ரப்பர் பம்ப் பாதிக் கதையைச் சொல்லிவிடும். வேகமெடுக்கும்போது எஞ்சின் தள்ளாடுகிறதா? உடன் வந்தவரை அதை அழுத்தச் சொல்லுங்கள். எஞ்சின் உடனே தெளிந்தால் கோளாறு கார்புரேட்டருக்கு முன்னால்தான்: எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு), ஃபில்டர், தளர்ந்து காற்றை உள்ளே விடும் ஹோஸ் இணைப்பு. ரப்பர் சப்பிப்போய் ஒட்டிக்கொண்டால் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்தீர்களா என்று பாருங்கள். அடிக்கடி அவ்வளவுதான் விஷயம். அதற்குக் கூலி கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். எண்ணெய் அந்த அடி நீரில் கலக்காது. எஞ்சின் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தால் கோடு தெரியும். பழைய ஹோஸின் உள்தோலும் எத்தனாலில் ஊறி உரியும். வெளியே பளபளப்பாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு வம்பு இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். மேலே காற்று மெலிவு. கீழே சரியாக ஓடிய மோட்டார் அங்கே பெட்ரோல் மிகுந்து பிளக்கைக் கரியாக்கும். சிறிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் துளை) போட்டால் சரியாகிவிடும். ஆபத்து இறங்கும்போதுதான். மலைக்குப் போட்ட ஜெட்டோடு மேட்டூரில் முழு வேகத்தில் ஓட்டினால், மேலே சொன்ன அலுமினியப் பொடியைப் பார்க்கலாம். மலை மோட்டாரை வாங்குகிறவர்கள் ஜெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

திருகைத் தொடுவது இதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் வைத்து வேண்டாம். டிரம்மில் தன் புகையைத் தானே இழுத்து நல்ல மோட்டாரும் திக்கும். தண்ணீரில்லாமல் ஓட்டவே கூடாது. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். படகில் மாட்டி, எஞ்சின் சூடான பின், கியரில் போட்டு, ஒருவர் பிடிக்க இன்னொருவர் திருப்ப வேண்டும். கால் சுற்று போதும். லைஃப் ஜாக்கெட் இருவருக்கும்.