முள்ளெலியா, முள்ளம்பன்றியா?

கருவின் வளர்ச்சிக்குச் சமிக்ஞை தரும் 'ஹெட்ஜ்ஹாக்' (hedgehog) புரதத்தைத் தமிழில் முள்ளம்பன்றி ஆக்கும் பழக்கம் நிற்பதாக இல்லை. சேலத்தில் அண்மையில் கைக்கு வந்த புற்றுநோய்த் துண்டறிக்கை ஒன்றிலும் 'முள்ளம்பன்றித் தடுப்பு மருந்து' என்றே இருந்தது. ஏற்காட்டுக்காரர் படித்தால் கிழங்குத் தோட்டத்துக்கு ஏதோ மருந்து என்றுதான் நினைப்பார்.

பெயர் வந்த கதை சின்னது. 1980இல் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாஸ் என்ற இரு உயிரியலாளர்கள் பழ ஈயில் இந்தப் புரதத்துக்கான மரபணுவைக் குறித்தார்கள். அது கெட்டால் புழுவின் அடிப்பக்கம் முழுக்கச் சிறு முட்கள். அதனால் அந்தப் பெயர். 1995இல் இருவருக்கும் நோபல். முதுகெலும்பிகளில் இந்தப் புரதம் சானிக், இந்தியன், டெசர்ட் என்று மூன்று வகை. கருவில் எந்த விரல் எங்கே முளைக்க வேண்டும், மூளை எப்படி இரு பாதியாக வேண்டும் என்பதில் சானிக்குக்குப் பெரிய பங்கு. அது மிகவும் குறைந்தால் ஒற்றைக் கண்ணோடு கூடக் குழந்தை உருவாகலாம். பிறந்த பிறகு அதே சமிக்ஞை அடங்காமல் ஓடினால் ஒரு வகைத் தோல் புற்று, பிள்ளைகளுக்குச் சிறுமூளைக் கட்டி. 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற விஸ்மோடெகிப் என்ற தோல் புற்று மருந்து இந்தச் சமிக்ஞையைத்தான் அடைக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அது ஆகவே ஆகாது என்பதும் இதனால்தான்.

சரி, முள்ளம்பன்றி என்றால் என்ன தப்பு? 'மக்களுக்குத் தெரிந்த விலங்கு, வெறும் பெயர்தானே' என்கிறார்கள். பெயர் என்பதால்தான் தப்பு. ஆங்கிலச் சொல்லின் வாலில் 'ஹாக்' இருப்பதைக் கண்டதும் மொழிபெயர்ப்பாளர் பன்றிக்குத் தாவிவிடுகிறார். ஹெட்ஜ்ஹாக் என்பது தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் முள்ளெலி. சேர்வராயன் மலையில் நீள முள்ளை உதிர்த்துவிட்டுப் போவதுதான் முள்ளம்பன்றி, ஆங்கிலத்தில் போர்க்குப்பைன், பழந்தமிழில் 'எய்'. (முள்ளெலி எலியில்லை, முள்ளம்பன்றியோ பன்றியில்லாமல் எலிக்கு உறவு. அந்தக் கூத்து தனி.) போர்க்குப்பைன் என்ற பெயரில் வேறொரு மரபணுவே இருக்கிறது! 'விண்ட்' (Wnt) என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதத்தில் கொழுப்பமிலம் ஒட்டும் நொதி அதனுடையது. அதைத் தடுக்கும் மருந்துகளையும் புற்றுநோய்க்குச் சோதித்திருக்கிறார்கள். முள்ளம்பன்றியை இங்கேயே செலவழித்துவிட்டால் அதற்கு எந்தப் பெயரை வைப்பது?

'முட்புரதம்' என்று சுருக்குவோரும் உண்டு. கொரோனா வைரஸின் முள்ளோடு ('ஸ்பைக்' புரதம்) அது குழம்பும்.

ஆகவே முள்ளெலிப் புரதம். இந்தியனும் டெசர்ட்டும் நிஜ விலங்குகளின் பெயர்கள். இந்திய முள்ளெலி, பாலை முள்ளெலி என்று தாராளமாகத் தமிழாக்கலாம். சானிக் மட்டும் அப்படியே இருக்கட்டும். அது செகா நிறுவனத்தின் வீடியோ கேம் நாயகன் பெயர், அதைப் போய் 'ஒலி முள்ளெலி' ஆக்க வேண்டாம்.