‘தனிப்பயனாக்கு’ பொருந்தாத சொல்

வரைபட மென்பொருள்களுக்கான தமிழ்க் குறிப்புகளில் ‘கோட்டின் நிறத்தைத் தனிப்பயனாக்குக’ என்ற தொடரை அடிக்கடி காண்கிறேன். அண்மையில் வேலூரில் முதுநிலை மாணவர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் அது திரையில் வந்தபோது, நிறத்தை யாருடைய பயனுக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டார். அந்தச் சொல்லைப் படித்தவருக்கு எழ வேண்டிய கேள்விதான் அது.

‘கஸ்டமைஸ்’ (customize) என்ற ஆங்கில வினையின் மொழிபெயர்ப்பாகவே ‘தனிப்பயனாக்கு’ வழங்குகிறது. அவ்வினைக்கு அடிப்படை ‘கஸ்டம்’. இலத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த அச்சொல்லின் முதற்பொருள் வழக்கம். ஒரே கடையில் வாங்கும் வழக்கத்தை அது பின்னர் குறித்தது. அவ்வாறு வாங்குபவர் கேட்டபடி செய்துதரும் பொருளுக்கும் அடைமொழியாயிற்று. நம் ‘வாடிக்கை’யும் வழக்கம், கடையுறவு ஆகிய இரண்டையும் குறிக்கிறது. ஆக, கேட்டபடி அமைப்பதே இவ்வினையின் கருப்பொருள்.

‘தனிப்பயன்’ என்பதோ ஒருவருக்கே உரிய பயன் என்றுதான் பொருள்படும். கோட்டின் நிறத்தை மாற்றுவதன் நோக்கம் பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது. 2019இல் பிரிந்த வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் மழையளவை ஒரே படத்தில் வரைவதாகக் கொள்வோம். மேட்பிளாட்லிப் (Matplotlib) என்னும் வரைபட மென்பொருளின் 2.0 பதிப்பு முதல், நாம் எதுவும் சொல்லாவிட்டால், முதல் மூன்று கோடுகள் நீலம், செம்மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களில் வரும்; மூன்றும் தொடர்கோடுகளாகவே இருக்கும். ஆய்வேட்டைக் கருப்பு வெள்ளையில் நகலெடுத்தால் அந்த நீலமும் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகி, வேலூரின் மழை எது, திருப்பத்தூரின் மழை எது என்று தெரியாமற் போகும். எனவே ஒன்றைப் புள்ளிக்கோடாகவும் மற்றொன்றை விட்டுவிட்டு வரையும் கோடாகவும் மாற்றுகிறோம். இது நிறம் பிரித்தறிய இயலாதவர் உட்பட எல்லா வாசகருக்கும் செய்யும் உதவி. இதைத் தனிப்பயன் என்பது செயலையே தலைகீழாகக் காட்டுகிறது.

‘பர்சனலைஸ்’ (personalize) என்ற ஆங்கில வினைக்கும் இதே சொல்லைப் பயன்படுத்துவது அடுத்த குழப்பம். ஒருவருடைய விருப்பங்களைக் கணித்து நிறுவனம் காட்டும் விளம்பரமும் ‘தனிப்பயனாக்கப்பட்டது’, நானே தடிமன் குறித்து வரைந்த கோடும் ‘தனிப்பயனாக்கப்பட்டது’ என்றால், செய்தவர் யார் என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது.

உறுப்புகள் யாவும் தமிழ் என்பதால் இச்சொல்லைச் சிலர் ஆதரிக்கின்றனர். தூய்மையை நானும் விரும்புகிறேன். ஆனால் பொருளைத் திரிக்கும் தூய்மையால் மொழிக்கு ஆக்கம் இல்லை. ‘தகவமை’ என்பாரும் உண்டு. உயிரியல் பாடத்தில் உயிரினம் சூழலுக்கேற்ப மாறுவதற்கு அது நிலைத்துவிட்டதால் இங்கே இடறும். ஆம்பூரில் காலணிக்கு அளவு கொடுப்பவர் ‘எனக்கு வேண்டியபடி செய்து கொடுங்கள்’ என்றுதான் சொல்வார். அந்த ‘வேண்டியபடி’யே நமக்குப் போதும்.

‘வேண்டியபடி அமை’ என்பது இரு சொல்லாக நீள்கிறது என்ற மறுப்பு வலுவற்றது. ‘தனிப்பயனாக்கு’ என்பதும் தனி, பயன், ஆக்கு என்ற மூன்றை ஒட்டியதே. திரையைப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பதால்தான், ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச்சொல் என்ற பிடிவாதம் வளர்கிறது. மென்பொருளின் தெரிவுப் பட்டியில் ‘வேண்டியபடி அமை’ என்றும், விளக்கத்தில் ‘கோட்டின் நிறத்தையும் வகையையும் வேண்டியபடி அமைத்தல்’ என்றும் எழுதலாம்; இடம் மிகக் குறுகிய பொத்தானில் ‘மாற்றியமை’ என்றாலே பயனர் புரிந்துகொள்வார்.