பறவை எப்போது பறக்க முடிவெடுக்கிறது?

காட்டில் பறவையை நெருங்கப் போகிறவர்கள் முதலில் ஒளிந்து போகத்தான் பார்க்கிறார்கள். அது பெரும்பாலும் பலிக்காது. சிறு பறவைகள் பலவற்றுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், கழுத்தைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்த்துவிடும். நாம் அதைக் கவனிப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்திருக்கும்.

அப்படியானால் உடனே ஏன் பறப்பதில்லை? பறப்பதும் ஒரு செலவுதான். கொத்திக்கொண்டிருந்த இரையை விட வேண்டும், சக்தியையும் செலவழிக்க வேண்டும். எனவே ஆபத்து அந்த நஷ்டத்தை மிஞ்சும்வரை பறவை இருந்த இடத்திலேயே இருக்கும். 1986இல் ஐடன்பர்க், டில் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் இருவர் இந்தக் கணக்கைத் தெளிவாக எழுதி வைத்தார்கள். பறவை நம்மைக் கவனிக்கும் தூரம் ஒன்று, பறந்துபோகும் தூரம் வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நமக்கு இடம் கிடைக்கிறது.

அந்த இடைவெளியைச் சுருக்குவது நம் நடைதான். புறாவின் மூளையில், நேராக மோத வரும் பொருளைக் கண்டால் மட்டும் விழித்துக்கொள்ளும் நரம்பணுக்கள் உண்டு. நேரே நடந்தால், பறவையின் கண்ணில் நம் உருவம் இடம் மாறாமல் பெரிதாகிக்கொண்டே போகும். அது இரைக்கொல்லி வரும் தோற்றம். பக்கவாட்டில், அதைக் கடந்து போவதுபோல் சாய்வாக நடந்தால் உருவம் விலகி நகரும். பார்வையும் முக்கியம். மனிதர் உற்றுப் பார்த்தால், மைனா குடும்பத்து ஸ்டார்லிங் பறவைகள் உணவுத் தட்டுக்கு வரத் தயங்கியதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். நேர்ப்பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கடைக்கண்ணால் பாருங்கள்.

மரத்தைத் தொடாதீர்கள். பறவைகளின் கால்களில் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன.

இனி பறவையையே பார்ப்போம். அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு கொத்தும் மரங்கொத்தியை நான்கு அடி முன்னேறிப் பாருங்கள். முதலில் கொத்தல் நிற்கும். இறகுகள் உடம்போடு படிந்து, பறவை திடீரென்று மெலிந்ததுபோல் தெரியும். கழுத்து நீளும். அப்புறம் மெல்ல மரத்தின் மறுபக்கம் நகர்ந்து, தலையை மட்டும் நீட்டி எட்டிப்பார்க்கும். கொத்தல் நின்ற அந்த நொடியே நீங்களும் நின்றுவிட வேண்டும். இன்னும் ஓர் அடி வைத்தால் அது பறந்துவிடும். நின்றால், சில சமயம் இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி கொத்தத் தொடங்கும். எனக்கு அதைவிட நிறைவான சத்தம் காட்டில் வேறில்லை.

ஆனால் ஒரு பறவையை மட்டும் சமாளித்தால் போதாது. பல இனப் பறவைகள் கலந்து மேயும் கூட்டத்தில் கரிச்சான் காவலாளிபோல் உட்கார்ந்திருக்கும். அது ஒரு குரல் கொடுத்தால் மற்ற இனப் பறவைகளும் புரிந்துகொண்டு பதுங்கும். அந்தக் குரல் எழுந்தால் அமைதி திரும்பும்வரை அசையாமல் இருப்பதே நல்லது.

கூட்டில் இருக்கும் பறவையிடம் மட்டும் இதில் எதையும் முயலாதீர்கள். அது கடைசிவரை அசையாமல் இருப்பது பயமில்லாததால் அல்ல, முட்டையை விட்டுப்போக முடியாததால். அது எழுந்துவிட்டால் முட்டை குளிர்ந்துபோகும், கூடு இருக்கும் இடமும் காகத்துக்குத் தெரிந்துவிடும்.