வேர்முடிச்சு நூற்புழு: இரவல் மரபணுக்களோடு வாழும் ஒட்டுண்ணி

தண்ணீருக்குக் குறைவில்லாதபோதும் நண்பகலில் வாடித் துவளும் தக்காளிச் செடியைப் பிடுங்கி வேரைக் கழுவினால், சில சமயம் அதில் முடிச்சுகள் புடைத்திருப்பதைக் காணலாம். ஒரு முடிச்சைக் கவனமாகப் பிளந்தால், பேரிக்காய் வடிவில் வெண்ணிறப் புழு ஒன்று கிடக்கும். மெலாய்டோகைன் இன்காக்னிட்டா என்னும் வேர்முடிச்சு நூற்புழுவின் பெண் அது.

அரை மில்லிமீட்டர் நீளமும் இல்லாத இளம்புழுவாக இருக்கும்போதே அது வேர்நுனி வழியாக உள்ளே நுழைகிறது. வாயிலுள்ள ஊசியால் துளைப்பதோடு, செல்சுவரின் செல்லுலோஸையும் பெக்டினையும் கரைக்கும் நொதிகளையும் உமிழ்கிறது. வியப்பு இந்த நொதிகளில்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கையும் சோயாவையும் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுக்களில், செல்லுலோஸைக் கரைக்கும் செல்லுலேஸ் நொதிக்கான மரபணுக்கள் 1998இல் கண்டறியப்பட்டபோது, அவை பாக்டீரியாவின் மரபணுக்களையே பெரிதும் ஒத்திருந்தன. பெற்றோர் வழியாக வராமல், ஓர் உயிரினத்திலிருந்து தொடர்பற்ற வேறோர் உயிரினத்துக்குத் தாவும் கிடைமட்ட மரபணுப் பரிமாற்றத்தால் முன்னோர் புழுக்களுக்கு இவை கிடைத்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம். 2008இல் வெளியான வேர்முடிச்சு நூற்புழுவின் மரபணுத் தொகுதியிலும் (அதன் மொத்த மரபுச்செய்தியிலும்) இத்தகைய மரபணுக்கள் ஏராளமாக இருந்தன.

உள்ளே சென்ற புழு சில வேர்ச்செல்களைத் தேர்ந்து, தன் சுரப்புப் புரதங்களால் அவற்றின் போக்கையே மாற்றிவிடுகிறது. உட்கரு மீண்டும் மீண்டும் பிரிந்தாலும் செல் பிரிவதில்லை. இப்படிப் பல உட்கருக்களுடன் வீங்கிய பெருஞ்செல்களே புழுவின் ஆயுட்கால உணவு.

இப்புழுவின் முட்டைகள் கருவுறாமலேயே, மரபணுக்களைக் கலந்து பாதியாக்கும் குன்றல் பிரிவும் இன்றி வளர்கின்றன. ஆண்கள் தோன்றினாலும் சந்ததிக்கு அவற்றின் மரபணு சேர்வதில்லை. ஆகவே மரபணுக் கலப்புக்கே வழியில்லாத இவ்வினம் புதிய சூழலுக்கு ஈடுகொடுக்க முடியாது என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பதோ வேறு. காட்டுத் தக்காளியிலிருந்து பயிர்த் தக்காளிக்குக் கொண்டுவரப்பட்ட எம்ஐ என்னும் எதிர்ப்பு மரபணு, புழுவின் தலைப்பகுதியைச் சூழ்ந்த செல்களை விரைந்து மடியச்செய்து அதைப் பட்டினி போடுகிறது. மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும் என்பது வெப்ப நாடுகளுக்குப் பெருங்குறை. ஆனால் வெப்பம் மிகாதபோதும் இந்த அரணைக் கடக்கும் புழுக்கள் உருவாகியுள்ளன.

அதற்கான வாய்ப்பு அவற்றின் மரபணுத் தொகுதியின் அமைப்பிலேயே இருக்கலாம். பழைய இனக்கலப்பால் இப்புழுவில் தொகுதியின் மூன்று பிரதிகள் உள்ளன. ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட அவற்றில் ஒரு மரபணுவின் ஒரு பிரதி தொலைந்தாலும் மற்றவை வேலையைத் தொடரக்கூடும். எம்ஐ எதிர்ப்பைக் கடந்த புழு மரபுவழிகளை, அதைக் கடக்காத மரபுவழிகளுடன் ஒப்பிட்டபோது, தனித்தனியே உருவான மரபுவழிகளிலும் ஒரே மரபணுக்களின் பிரதிகள் குறைந்திருந்தது தெரியவந்தது.