டிரெட்மில் ரிப்போர்ட்டில் பிபி எண்களையும் பாருங்கள்

ஓடும் பட்டையில் நடக்க வைத்து இதயத்தைச் சோதிக்கும் டிரெட்மில் டெஸ்ட் முடிந்து ரிப்போர்ட்டை வாங்கியதும் பெரும்பாலோர் நேராகக் கடைசி வரிக்குத்தான் போவார்கள். 'நெகட்டிவ்' என்றிருந்தால் நிம்மதி, ஃபைலை மூடிவிடுவார்கள். ஈசிஜியில் ரத்த ஓட்டக் குறைவுக்கான மாற்றம் தெரியவில்லை என்பதோடு அந்தச் சொல்லின் வேலை முடிந்துவிடும். அதே தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே பிபி எண்கள் வரிசையாக இருக்கும். அவற்றைப் பார்க்காமல் நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

நடக்கும்போது பிபி ஏறத்தான் வேண்டும். கால் தசைகள் கூடுதல் ரத்தம் கேட்க, இதயம் வேகமாகவும் பலமாகவும் தள்ளுகிறது. மேல் அளவு கூடுகிறது. தசைகளுக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்கள் அதே நேரத்தில் விரிந்துகொடுப்பதால் கீழ் அளவு இருந்த இடத்திலேயே நிற்கும், அல்லது சற்று இறங்கும். பரவலாகப் பயன்படும் புரூஸ் முறையில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், பட்டைக்கு 10 சதவீதச் சாய்வு என்று தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் கூட்டுவோம்; ஒவ்வொரு 3 நிமிடமும் ஒரு கட்டம். 120/80-இல் தொடங்கியவருக்கு மூன்றாம் கட்டத்தில் 170/80 என்று வந்தால் எந்தக் கவலையும் இல்லை.

எங்களை உடனே நிமிர்ந்து உட்கார வைப்பது பிபி இறங்குவதுதான். வேகம் கூடக் கூட மேல் அளவு ஏறாமல் நின்று, பிறகு 10 புள்ளிக்கு மேல் சரிந்தால், முதலில் மறுபடி அளந்து உறுதி செய்வோம். கூடவே நெஞ்சு வலியோ ஈசிஜி மாற்றமோ இருந்தால் மெஷினை நிறுத்திவிட வேண்டும். தேவைக்கேற்ற ரத்தத்தை இதயத்தால் தள்ள முடியவில்லை என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்களில் இடது பக்க முதன்மைக் குழாயில் அடைப்பு, மூன்று குழாய்களிலும் அடைப்பு, இதயத் தசை பலவீனம், வால்வு சுருக்கம் என்று பின்னால் பெரிய காரணங்கள் ஒளிந்திருக்கக்கூடும். சில நேரம் உடலில் நீர் குறைந்திருப்பதும், சாப்பிடும் மாத்திரையும்கூடக் காரணமாகும். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் பெரிய காரணங்கள் இல்லை என்று பார்த்துவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, அளவுக்கு மீறி ஏறுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஆண்களுக்கு 210, பெண்களுக்கு 190 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. நாற்பதுகளில் இருந்த ஒருவருக்கு உட்கார்ந்திருக்கையில் 134/84. முதல் கட்டம் முடியும்போதே 190-ஐத் தொட்டுவிட்டது. இரண்டாம் கட்டத்தில் 214. ஈசிஜி சுத்தம். "எனக்குத்தான் பிபியே கிடையாதே டாக்டர்!" என்றார். 24 மணி நேரம் பிபி பதியும் கருவியைக் கையில் கட்டி அனுப்பினோம். பகல் நேரச் சராசரி 135/85-க்கு மேலேயே இருந்தது. டாக்டர் முன்னால் நார்மலாகவும் மற்ற நேரங்களில் கூடுதலாகவும் இருக்கும் இந்த மறைந்த ரத்த அழுத்தத்தைப் பலருக்கு டிரெட்மில்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

ரத்தக்குழாய்ச் சுவர் விறைத்துப் போயிருப்பது, உள் படலம் சரியாக விரிந்துகொடுக்காதது, எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் அழுத்தம் ஆகியவை இப்படி எகிறுவதற்குப் பின்னால் இருக்கும். 1970-களில் நார்வேயின் ஆஸ்லோவில், நலமாகத் தெரிந்த நடுவயது ஆண்கள் சுமார் 2000 பேரை நிலைச் சைக்கிள் மிதிக்க வைத்து பிபி அளந்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மிதமான உழைப்பிலேயே மேல் அளவு மிக அதிகமாக ஏறியவர்களிடம் பிற்காலத்தில் இதயநோய் மரணம் கூடுதலாக இருந்தது. அதனால் உச்ச அளவைவிட, எந்தக் கட்டத்தில் ஏறியது என்பதை நான் முதலில் பார்ப்பேன். நல்ல பயிற்சி உள்ள ஒருவர் நான்காம் கட்டத்தில் 200 தொடுவதும், மற்றொருவர் மெதுநடையிலேயே 200 தொடுவதும் ஒன்றாகாது.

இறங்கி ஓய்வெடுக்கும் நிமிடங்களையும் விட்டுவிடக் கூடாது. ஓய்வின் முதல் நிமிடத்தைவிட மூன்றாம் நிமிடத்தில் மேல் அளவு குறைந்திருக்க வேண்டும். குறையாமல் நின்றாலோ இன்னும் ஏறினாலோ அதையும் ரிப்போர்ட்டில் எழுதிவைப்போம்.

சரி, இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? ஓடும் மெஷினின் சத்தத்துக்கு நடுவில், ஆடும் கையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு எழுதும் எண் அது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாலே அளவு மாறும். தானியங்கிக் கருவிகளும் கை ஆட்டத்தில் தடுமாறும். கீழ் அளவில் பிழை இன்னும் அதிகம். ஆகவே டிரெட்மில்லில் வந்த ஒரே எண்ணை வைத்து யாருக்கும் ரத்த அழுத்த நோயாளி என்று பெயர் சூட்டுவதில்லை. வீட்டில் சில நாள் காலையும் மாலையும் அளந்து வரச் சொல்வோம், அல்லது 24 மணி நேரப் பதிவு. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்ட்டுக்கு முன் அதை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தானாகவே திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

"டெஸ்ட்டில் பிபி எகிறிடுச்சே, இனிமே நடக்கலாமா?" என்று கேட்காதவர் குறைவு. ஈசிஜியும் மற்றவையும் சரியாக இருந்தால் தாராளமாக நடக்கலாம்; தொடர்ந்து நடக்க நடக்க இந்த ஏற்றமே தணியும். முதல் வாரங்களில் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மூச்சை அடக்கிப் பெரிய எடை தூக்குவதை மட்டும், பிபி கட்டுக்குள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன்.