உங்கள் பைக் எந்த வெயிட்? சிசியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

பயிற்சி மைதானத்தில் பைக்குகள் பெரும்பாலும் ஓடும்போது விழுவதில்லை, நிற்கப் போகும்போதுதான் விழுகின்றன. போன மாதம் ஒருவர் புதிதாக வாங்கிய 650 சிசி அட்வென்ச்சர் பைக்கோடு வந்தார். டேங்க் நிறைந்தால் 210 கிலோவைத் தாண்டும் வண்டி. எட்டுப் போட்டு முடித்து, நிறுத்துவதற்காக இடது காலை ஊன்றினார். அந்த இடத்தில் தரை ஒரு விரற்கடை பள்ளம். வண்டி சாயத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். ஒரு நொடி நின்றது. அப்புறம் மெதுவாக, தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவது போல, தரையில் படுத்துவிட்டது. கிளட்ச் லீவரின் முனை உடைந்தது. அவருக்கு அடி எதுவும் இல்லை. எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சார், இது மிடில்வெயிட் வண்டின்னுதானே சொன்னாங்க?"

அப்படிச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது இன்ஜினின் கொள்ளளவான சிசியைப் பற்றி.

குத்துச்சண்டையில் லைட்வெயிட், மிடில்வெயிட் என்று பிரிப்பதற்கு முன் ஆளைத் தராசில் ஏற்றுவார்கள். பைக் உலகத்தில் அதே சொற்கள் புழங்குகின்றன, தராசைத்தான் காணோம். சுமார் 300 சிசி வரை லைட்வெயிட், அதற்கு மேல் 900 சிசி சொச்சம் வரை மிடில்வெயிட், அதையும் தாண்டினால் ஹெவிவெயிட் என்பது பொதுவான பேச்சு வழக்கு. எல்லைக்கோட்டை ஆளாளுக்கு ஒரு இடத்தில் போடுவார்கள். காலத்துக்குக் காலமும் அது நகர்ந்திருக்கிறது. பிரிட்டனுக்கு அருகே ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டிடி பைக் பந்தயத்தில் 1920களில் லைட்வெயிட் என்றால் 250 சிசி. 2012இல் அதே பெயரில் அங்கே ஓடியவை 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகள். 2022இல்தான் அந்தப் பிரிவுக்கு சூப்பர்ட்வின் என்று பெயர் மாற்றினார்கள். 1969இல் ஹோண்டா சிபி750 வந்தபோது உலகமே அதை ராட்சசனாகப் பார்த்தது. இன்றைக்கு 750 என்றால் மிடில்வெயிட் வரிசையில் சாதாரணமாக நிற்கும்.

உரிமம் கொடுப்பவர்களும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் 400 சிசி ஒரு முக்கியமான எல்லை, அதற்கு மேல் பெரிய பைக் உரிமம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இடைநிலை பைக் உரிமமான ஏ2வுக்கு சிசி வரம்பே கிடையாது. 35 கிலோவாட் சக்தி, அதோடு எடையில் ஒரு கிலோவுக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் போகக் கூடாது. அதாவது முழு 35 கிலோவாட்டும் வேண்டுமென்றால் வண்டி 175 கிலோவுக்குக் குறையக் கூடாது. சக்தியையும் எடையையும் சேர்த்துப் பார்க்கும் இந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது. மின்சார பைக்குகளுக்கு சிசியே இல்லை என்பதால், போகப்போக எல்லோரும் இந்த வழிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

சிசிக்கும் எடைக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு உதாரணம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 195 கிலோ. 599 சிசி யமஹா ஆர்6, 190 கிலோ. முதலாவது தருவது 20 குதிரைத்திறன், இரண்டாவது 110க்கும் மேல். தள்ளிக்கொண்டு போகும்போது 350தான் கனம். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் கதையே வேறு. என் வகுப்பில் இந்த இரண்டையும் தனித்தனி ஆபத்தாகத்தான் சொல்லித் தருகிறேன். சிசியும் சக்தியும் வேகத்தில் சோதிக்கும். எடையும் உயரமும் நிற்கும்போது சோதிக்கும்.

அந்த இரண்டாவது சோதனையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 200 கிலோ வண்டி, அதன் எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக நிற்கும்போது ஒரு விரலால் பிடித்துவிடலாம். 5 டிகிரி சாய்ந்தால் ஒரு மீட்டர் உயரத்தில் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கைக்குக் கிட்டத்தட்ட 10 கிலோ பாரம் வரும். சமாளிக்கலாம். 20 டிகிரியில் அதுவே 38 கிலோ. அதுவும் ஒற்றைக் காலில், இடுப்பை வளைத்துக்கொண்டு தாங்க வேண்டிய 38 கிலோ. அந்த மாணவரின் வண்டி "ஒரு நொடி நின்றது" என்றேனே, இந்த இரண்டுக்கும் நடுவிலான நொடி அது. அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். வண்டியைக் காப்பாற்றப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டவர்களையும், காலை அடியில் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஹோண்டா கோல்ட்விங் 350 கிலோவைத் தாண்டும் வண்டி. ஆனால் இன்ஜின் படுத்த வாக்கில் தாழ்வாக இருக்கும், பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். சீட்டும் தாழ்வு என்பதால் இரண்டு பாதமும் தரையில் பதியும். பின்னால் எடுக்க ரிவர்ஸ் வசதியும் உண்டு. அதைவிட நூறு கிலோ குறைந்த உயரமான அட்வென்ச்சர் பைக்கில் நுனிக்காலில் நிற்பவருக்குத்தான் வேலை அதிகம். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. 20 லிட்டர் டேங்க் நிறைந்தால் 15 கிலோ மேலே ஏறி உட்காரும். விளம்பரத்தில் டிரை வெயிட் போட்டிருந்தால் பெட்ரோல், ஆயில், சில சமயம் பேட்டரி கூட அதில் சேராது. இவை எல்லாம் சேர்ந்து ஓட்டத் தயாராக நிற்கும் வண்டியின் எடையான கெர்ப் வெயிட் எவ்வளவு என்று கேளுங்கள்.

அதற்காக இலேசான வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். பெரிய லாரியைக் கடக்கும்போது அடிக்கும் பக்கக் காற்றில் 110 கிலோ வண்டி ஒரு அடி தள்ளிப் போவது சாதாரணம்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பார்கள். நான் தள்ளிப் பார்க்கச் சொல்கிறேன். இன்ஜினை அணைத்து, சீட்டில் உட்கார்ந்து, லேசான மேட்டில் காலாலேயே பின்னுக்குத் தள்ளுங்கள். இறங்கி நின்று ஹேண்டிலை முழுக்க ஒடித்துத் திருப்புங்கள். பின்னால் ஒருவரை உட்கார வைத்து நில்லுங்கள். பத்து நிமிடத்தில் உங்கள் தொடையும் மணிக்கட்டும் அது எந்த வெயிட் என்று சொல்லிவிடும்.

விழுந்த வண்டியைத் தூக்கவும் ஒரு முறை இருக்கிறது. முதலில் இன்ஜினை அணைத்து, முடிந்தால் கியரில் போடுங்கள், உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால், தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் இடது பக்கம் சாய்ந்துவிடும். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கீழே இருக்கும் ஹேண்டிலையும், மறு கையால் பின்னாலுள்ள கைப்பிடியையோ ஃபிரேமையோ பிடித்து, காலை உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்து எழுங்கள். குனிந்து கையால் இழுக்கவே கூடாது.

அந்த மாணவர் விழுந்ததற்குப் பள்ளமும் எடையும் மட்டும் காரணமில்லை. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்திருந்தார். மெதுவாகப் போகையில் அப்படிச் செய்தால் எந்த வண்டியும் திரும்பிய பக்கமே சாயும். ஹேண்டிலை நேராக்கிவிட்டு, கடைசி இரண்டு அடிக்குப் பின் பிரேக்கை மட்டும் மிதித்து நிறுத்தப் பழக்கினேன். அடுத்த வாரம் புது லீவர் மாட்டி, பாதி டேங்கோடு வந்தார். மூன்றாவது சுற்றில் மறுபடி விழுந்தது, இந்த முறை வலது பக்கம். நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் சைடு ஸ்டாண்டை இழுத்து வைத்துவிட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார்.