நம்ம ராணுவம் பிடித்துக்கொண்டு போனவர்களைப் பற்றி டெல்லியிடம் எப்படிக் கேட்பது?

மே மாதம் வந்தால் திருநெல்வேலியிலும் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடக்கும். இலங்கை அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்று பேசுவோம். பேசத்தான் வேண்டும். ஆனால் பாளையங்கோட்டையில் வக்கீல் தொழில் பார்க்கிற என்னிடம், இந்தப் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வருகிற சிலர் அதைவிடப் பழைய கணக்கு ஒன்றையும் எடுத்து வைக்கிறார்கள். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே போய், 1990 மார்ச்சில் திரும்பிய இந்திய அமைதிப்படையின் கணக்கு. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் டெல்லி.

1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று பலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் செத்தார்கள். சண்டைக்கு நடுவில் சிக்கியவர்கள் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம்; பிழைத்தவர்கள் சொல்வது வேறு. இந்த இரண்டைப் பற்றியாவது எழுதியிருக்கிறார்கள். விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

முகாமிலிருந்து வந்த ஒரு அம்மா கையில் இருந்தது ஒரே ஒரு தாள். அவருடைய அப்பா அப்போதைய அரசாங்க அதிபருக்கு (நம்ம ஊர்க் கலெக்டர் மாதிரி) கொடுத்த மனுவின் கார்பன் நகல். நீல எழுத்து மங்கி, மடிப்பு விழுந்த இடத்தில் தேதி பாதி போய்விட்டது. "விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனவை ஐயா. உங்கட ஆமிதான்" என்றார்.

வெளிநாட்டில் நடந்ததற்கு இங்கே சட்டமே கிடையாது என்று வக்கீல்களிலேயே பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் சிப்பாய் எந்த நாட்டுக்குப் போனாலும் அவரை விடாது. இந்தியாவுக்கு வெளியே பணியில் இருக்கும்போது பொதுமக்களில் ஒருவரைக் கொன்றால் ராணுவ நீதிமன்றமே விசாரிக்கலாம் என்கிறது 70-ஆம் பிரிவு. ஆனால் 122-ஆம் பிரிவு அதற்கு மூன்று ஆண்டுக் கெடு வைக்கிறது. குற்றம் செய்தவர் யார் என்று தெரியாதிருந்தால் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. சாதாரணக் கிரிமினல் கோர்ட்டிலோ கொலைக்குக் காலக்கெடு இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசியின் 188, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 208-ஆம் பிரிவின்படி, இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்தை இங்கே விசாரிக்கலாம். மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். போர்க்கால நடத்தை பற்றிய 1960-இன் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தில் வழக்குப் போடவும் அரசுத் தரப்பிலிருந்துதான் புகார் வர வேண்டும். எந்த வழியில் போனாலும் பதில் சொல்ல வேண்டிய அரசேதான் கையெழுத்தும் போட வேண்டும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் இந்தியா சேரவில்லை. வலிந்து காணாமலாக்குதலுக்கு எதிரான ஐநா உடன்படிக்கையில் 2007-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

தன் ராணுவத்தின் மேல் விசாரணையை பிரிட்டன் மட்டும் ஆசைப்பட்டா நடத்தியது? 2003-இல் ஈராக்கின் பாஸ்ராவில் ஹோட்டல் ஊழியர் பஹா மூசா பிரிட்டிஷ் ராணுவத்தின் காவலில் செத்தார். பிரேதப் பரிசோதனையில் 93 காயங்கள். ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றது ஒரே ஒரு ஆள். குடும்பம் விடவில்லை, கடைசியில் பொது விசாரணை நடந்து 2011-இல் அறிக்கை வந்தது. பிரேதமும் அறிக்கையும் கையில் இருந்த வழக்கே அந்தப் பாடு பட்டது. நம் வழக்கில் இருப்பது கார்பன் நகல்.

அதனால் நான் முதலில் தேடுவது தாளைத்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்கிறோம். யார் வேண்டுமானாலும் இல்லை, குடிமக்கள் மட்டும். முகாமில் இருக்கும் அந்த அம்மாவால் கேட்க முடியாது. இங்கேயே பிறந்த முகாம் பிள்ளைகளிலும் பலருக்குக் குடியுரிமை இல்லை. ஆக, அவர்களுக்காக நாம்தான் கேட்க வேண்டும். நான் என் பெயரிலேயே போடுகிறேன்.

எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். "ஏன் கொன்றீர்கள்" என்று எழுதினால் அது தகவல் இல்லை என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை, இன்ன ஊர் முகாமில் காவலில் வைக்கப்பட்டவர்களின் பதிவேட்டு நகல், நடந்த ராணுவ விசாரணைகளின் பட்டியல் என்று ஆவணத்தைக் கேட்க வேண்டும். இதில் எனக்குப் பாடம் சொன்னது அமைதிப்படையில் இருந்து திரும்பிய வள்ளியூர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். முதலில் கோபப்பட்டார்: "எங்க ஆளுகளும்தான் செத்தாங்க, அதை யாரு கேட்டா?" நியாயம்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜவான்கள் அங்கே செத்தார்கள். விசாரணையே நடக்காவிட்டால் தப்பு செய்யாதவர் மேலும் பழி நிற்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிடிச்சு வச்ச ஆளுக்குச் சோறு போடணும்லா? ரேஷன் கணக்கைக் கேளுங்க சார்" என்றார். அப்புறம்தான் ரேஷன் கணக்கையும் மனுவில் சேர்த்தேன்.

நாட்டின் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு என்று தகவல் சட்டத்தின் 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். இருபது ஆண்டு தாண்டினால் மற்ற விலக்குகளில் பெரும்பாலானவை விழுந்துவிடும், இது விழாது. ஆனாலும் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று 8(2) சொல்கிறது. மேல்முறையீட்டில் அதைப் பிடியுங்கள். ராணுவ ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கலாம் என்று 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகமே கொள்கை வகுத்தது. அதையும் எடுத்துக் காட்டுங்கள்.

"கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு காலத்தில் இருந்த ஆவணம் காணவில்லை என்றால் தேடிப் பார்த்து, யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. அழித்துவிட்டோம் என்றால் அழித்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். 1993-ஆம் ஆண்டு பொது ஆவணங்கள் சட்டப்படி, முறைப்படி அல்லாமல் அழித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீட்டுக்கு 90 நாள். பதில் வந்த உறையைக் கிழித்துப் போடாமல் வையுங்கள். கெடுவைக் கணக்குப் போட அதிலிருக்கும் தபால் முத்திரை வேண்டும்.